பில் எல்லாம் குடுத்தும் ரெண்டாவது காசு ஏன் வருதில்ல?

வெல்லாவெளிப் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒண்டின்ட செயலாளர் அக்கா போன கிழமை போன் எடுத்தா. "தம்பி, 9 லட்சம் மானியம் எண்டு கையெழுத்து வெச்சம், முதல்ல 3 லட்சத்து 60 ஆயிரம் வந்திச்சி, மா அரைக்கிற மிசின் வாங்கி பில் எல்லாம் குடுத்து ரெண்டு மாசமாகுது, மறுகா ஒரு சதமும் வரல்ல. மேல ஆரோ வெட்டிட்டாங்க எண்டு ஊருக்குள்ள கதைக்காங்க, கோயிலுக்குப் போகவே வெக்கமா இரிக்கு" எண்டு அழுவாரப்போல கதைச்சா. சுனாமிக்குப் பிறகு வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கேள்விய நான் எத்தின தரம் கேட்டிருப்பன், அதால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன்.

கொடை குடுக்கிறவங்களுக்கு ஆயிரம் சின்னச் சங்கத்தோட தனித்தனியா கணக்குப் பாக்க ஏலாது. அதால ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தோட ஒரே ஒப்பந்தம், அந்த நிறுவனம் கீழ சங்கங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கும், இதுதான் உப மானியம். ஐரோப்பிய ஒன்றியத்துக் காசு எண்டா கீழ போற ஒரு அமைப்புக்கு பொதுவா 60,000 யூரோதான் உச்சம். பதிவு, தனி பேங்க் கணக்கு, செக்கில ரெண்டு கையெழுத்து, மூணு கொட்டேஷன், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒண்டு என்னண்டா, மேல போட்ட நிபந்தனை எல்லாம் அப்படியே கீழயும் இறங்கும். உங்கட பில் ஒண்ட ஓடிட்டில (கணக்காய்வில) தள்ளிட்டாங்க எண்டா, அந்தக் காச இடையில நிக்கிற நிறுவனம் தன்ட கையால திருப்பிக் கட்டணும். அந்தப் பயத்திலதான் அங்க இருக்கிற பிள்ளைகள் ஒரு திகதி பிழைச்சாலும் பில்லத் திருப்பி அனுப்புதுகள்.

வயல்காரருக்கு இது கெதியா விளங்கும். இடையில நிக்கிற நிறுவனம், வயலுக்குத் தண்ணி பிரிச்சு விடுற நம்மட வட்டவிதானை மாதிரி. தண்ணி அவர்ட இல்ல, எந்த வரவைக்கு எப்ப எவ்வளவு எண்டு பிரிச்சு விடுறதுதான் அவர்ட வேல, குளத்துக் கதவ அவரால தனிய திறக்க ஏலாது.

இப்பதான் எனக்கு மிச்சம் பிடிச்ச இடம். காசு மூணு தவணையா வருது எண்டு வைங்க, 40, 40, 20 வீதம் (திட்டத்துக்குத் திட்டம் இது மாறும்). முதல் தவணையில 80 வீதத்த செலவழிச்சு செட்டில் பண்ணினா (பில் குடுத்துக் கணக்கு முடிச்சா) ரெண்டாவது வரும். அக்காட கணக்கில அது 2 லட்சத்து 88 ஆயிரம், அவ குடுத்த பில் அதவிடக் கூட. அப்ப ஏன் வரல்ல? ஏனெண்டா அதே 80 வீத விதி இடையில நிக்கிற நிறுவனத்துக்கும் இரிக்கு, அவங்களுக்கு அது எல்லாச் சங்கத்தையும் சேத்துக் கூட்டின கணக்கில! பத்துச் சங்கம், ஆளுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், மொத்தம் 36 லட்சம், அதில 80 வீதம் 28 லட்சத்து 80 ஆயிரம். எட்டுச் சங்கம் உசிரக் குடுத்து 95 வீதம் செட்டில் பண்ணிட்டு, மத்த ரெண்டும் ஒண்டுமே குடுக்கல்ல எண்டு வைங்க. எட்டுத்தர 3 லட்சத்து 42 ஆயிரம், 27 லட்சத்து 36 ஆயிரம். ஒரு லட்சத்து 44 ஆயிரம் குறையுது. குளத்துக் கதவு திறக்காது, பத்துச் சங்கமும் காயும். ஒருத்தரும் ஒரு சதம் களவெடுக்கல்ல, ஆனா காசு வராது. இத முதல் தரம் பேப்பரில கூட்டிப் பாத்த அண்டைக்கு எனக்கு நித்திரை வரல்ல, எத்தின செயலாளர்மாரக் கள்ளி எண்டு ஊரு பேசியிருக்கும் எண்டு நினைச்சன்.

அந்த ரெண்டு சங்கமும் ஏன் குடுக்கல்ல எண்டும் பாக்கணும். அனேகமா பில்லில்தான் சிக்கல். கடையில மிசினால அடிச்சுத் தாற பில் மையால அடிக்கிறதில்ல, தாளில பூசியிருக்கிற மருந்து சூட்டுக்கு கறுக்கிறதாலதான் எழுத்து தெரியுது. நம்மட வெக்கைக்கு அது சும்மாவே மங்கும், பத்திரமா இருக்கட்டும் எண்டு பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டீங்களெண்டா சில உறையில இருக்கிற, பிளாஸ்டிக்க மென்மையாக்கிற சாமான் தாளில ஏறி இன்னும் கெதியா அழிச்சிப் போடும். நான் ஒரு பைலில 14 பில் வெறும் வெள்ளத் தாளா இருந்ததக் கண்டிருக்கன். வாங்கின அண்டைக்கே பொட்டோகொப்பி எடுத்து ரெண்டையும் சேத்துப் பின் அடியுங்க. லேண்ட்மாஸ்டரில (கை டிராக்டரில) சாமான் ஏத்தித் தாறவர் பில் தரமாட்டார், அவருக்கு வவுச்சர் எழுதி, அடையாள அட்டை நம்பரோட கையெழுத்து வாங்கினா பொதுவா ஏத்துக்குவாங்க.

கடைசி 20 வீதத்தில எனக்குக் கோவமே வரும். அது வேல முடிஞ்சு, கடைசி ரிப்போட் குடுத்தாப் பிறகுதான் வரும், அதாவது அந்த ஒரு லட்சத்து 80 ஆயிரத்த சங்கம் முதல்ல தன்ட கையால போடணும். கையில இல்லாத பொம்பிளைகள் காப்ப அடகு வெச்சுப் போடுறாங்க, அந்த அடகு வட்டி எந்த பட்ஜெட்டிலயும் இல்ல. 2016ல இஸ்தான்புல்ல நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில, மனிதாபிமான உதவியில 25 வீதத்த உள்ளூர் அமைப்புகளுக்கு ஏலுமான அளவு நேரடியாக் குடுப்பம் எண்டு பெரிய கொடையாளிகள் ஒத்துக்கிட்டாங்க, 2020க்குள்ள எண்டும் சொன்னாங்க, அந்த இலக்கக் கிட்டவும் நெருங்கல்ல. அமெரிக்க அரசுக் காசில, வாடகை, கரண்ட், கணக்கு எழுதுற பிள்ளையின்ட சம்பளம் இதுகளுக்கு எண்டு கீழ்மட்ட அமைப்பும் எடுக்கக்கூடிய 10 வீதத்த 2024 ஒக்டோபரில 15 ஆக்கினாங்க, நாலு மாசம் போறதுக்குள்ள அந்த நாட்டு வெளிநாட்டு உதவியில பெரும்பகுதி நிண்டு போச்சு. குளம் பூட்டினா முதல்ல காயிறது கடைசி வயல்தான். இடையில நிக்கிற நிறுவனங்கள் ஒரு சின்னச் சேமிப்ப ஒதுக்கி, செட்டில் பண்ணின சங்கத்துக்கு மேல இருந்து வரமுதலே குடுக்கணும், அப்படிக் குடுக்க கொடையாளி விடவும் வேணும்.

அக்காவுக்கு இந்தக் கூட்டல் கணக்க போனிலயே சொன்னன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. மறுகா, "அந்த ரெண்டும் எந்தச் சங்கம் தம்பி?" எண்டு கேட்டா. நான் சொன்னது உதாரணக் கணக்கு, உண்மையில ஆரு குடுக்கல்ல எண்டு நிறுவனத்தில விசாரிக்கச் சொன்னன், விசாரிச்சிரிக்கா. குடுக்காத சங்கம் ஒண்டு மண்டூர்ப் பக்கம், செயலாளர் பிள்ளை பெத்து வீட்டில, பில் எல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்குள்ள அப்படியே கிடக்காம். சனிக்கிழமை அக்கா அங்க போறா, அந்த பேக்க எடுத்துக்கிட்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடிக்கு வந்து கொப்பி எடுக்கிறதாச் சொன்னா.