மீட்லோஃப் உதிர்கிறதா? முட்டையைக் கூட்டும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மீட்லோஃப், அதாவது கொத்துக்கறியைப் பிசைந்து ரொட்டி வடிவில் ஓவனில் சுட்டது, கட்டாயம் இருக்கும். மெல்ல எளிது, துண்டு போட்டுப் பரிமாறவும் எளிது. அப்புறம் இங்குள்ள பெரியவர்களுக்கு அது அம்மா சமைத்த சாப்பாடு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கொஞ்சம் கறியோடு ரொட்டித்தூளைச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கே போதுமானதாக்கிய பண்டம் இது.

பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறார்கள் என்று தமிழ்க் குடும்பங்களும் என்னிடம் செய்முறை வாங்கிப் போவார்கள். அடுத்த வாரம் வருவது ஒரே குறைதான்: "அண்ணா, கத்தி வச்சதுமே உதிர்ந்துபோச்சு, இன்னொரு முட்டை சேர்க்கட்டுமா?"

வேண்டாம். நடுவில் எவ்வளவு சூடு இருந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே பூசிய கெட்சப் பளபளக்கிறது, ஓரம் கருத்துவிட்டது, சுற்றிலும் கொழுப்பு கொதிக்கிறது, அதனால் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இது கிட்டத்தட்ட 3 அங்குல உயரமுள்ள கறிக்கட்டி, ஓரம் வெந்து வெகுநேரம் கழித்துத்தான் நடுப்பகுதி வேகும். முட்டையும் கறியின் புரதமும் சூட்டில் இறுகினால்தான் துண்டு நிற்கும். நடுவில் மட்டும் கொழகொழவென்று உதிர்ந்தால் அதைப் பக்குவக் குறை என்று விட்டுவிடாதீர்கள். வேகாத கொத்துக்கறியைத் தட்டில் வைக்கப் போகிறீர்கள்.

முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வாட்டினால் போய்விடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியாக ஈ.கோலை ஓ157 கிருமி பரவி 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டே வேளாண் துறை, அந்தக் கிருமி கலந்த மாட்டுக் கொத்துக்கறி கலப்படப் பொருள், விற்கக் கூடாது என்று அறிவித்தது. இந்தக் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதிகம் பாதிக்கப்படுபவர்கள் சிறு குழந்தைகளும் முதியவர்களும். நான் சமைத்துப் போடுவது முதியவர்களுக்கு, நீங்கள் போடுவது குழந்தைகளுக்கு.

அதனால் கணக்கு இதுதான்: மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பன்றிக்கறி என்றால் நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். வான்கோழி, கோழி என்றால் 165, அதாவது 74. தெர்மாமீட்டர் முனை பாத்திரத்தில் படாமல் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் அது 32 காட்டுகிறதா என்று அவ்வப்போது சரிபாருங்கள். நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். வெங்காயம், செலரி சேர்த்த லோஃப் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், வேகாத கறி பழுப்பாகவும் தெரியலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரத்துத் துண்டு அருமையாக வந்ததைப் பார்த்து ஒரு தட்டு முழுவதையும் அனுப்பத் தயாரானேன். தலைமைச் சமையல்காரர் வந்து நடுவில் குத்திப் பார்த்தார், 138! மறுபடி ஓவனுக்குப் போனது. அன்று மதியச் சாப்பாடு அரை மணி தாமதம், ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, சூடு சரியாக இருந்தும் உதிர்ந்தால்? 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் கொத்துக்கறிக்கு இரண்டு முட்டை, ஒரு கப் ரொட்டித்தூள், அரை கப் பால் போதும். தூளைப் பாலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கூழாக்கிச் சேருங்கள். உலர்ந்த தூளை அப்படியே போட்டால் அது கறியின் சாற்றை இழுத்துக்கொள்ளும், லோஃப் வறண்டு பொடியும். பலர் தவறுவது வெங்காயத்தில்தான். பெரிய துண்டு இருக்கும் இடத்தில்தான் கத்தி தடுக்கி லோஃப் பிளக்கிறது. பொடியாக அரிந்து வதக்கி, ஆறவைத்துப் போடுங்கள், சூடாகப் போட்டால் கொழுப்பு உருகிவிடும். மற்றதையெல்லாம் கலந்த பிறகு கடைசியாகக் கறியைச் சேர்த்து விரல்நுனியால் மட்டும் பிசையுங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் உதிராது என்பது உண்மைதான், ஆனால் ரப்பராகிவிடும், எங்கள் பெரியவர்களால் மெல்லவே முடியாது. உப்பு பார்க்கப் பச்சையாக வாயில் வைக்காதீர்கள், ஒரு சிறு வடையாகத் தட்டிப் பொரித்து ருசி பாருங்கள்.

வான்கோழியில் கொழுப்பு குறைவு, அதனால் பொடியாக அரிந்து வதக்கிய காளான் ஒரு கைப்பிடி சேர்ப்பேன். கோதுமை ஆகாதவர்களுக்கு நம் கோலா உருண்டைக்குப் போடும் பொட்டுக்கடலை மாவே நன்றாகப் பிடிக்கிறது, ரொட்டித்தூளைவிடக் குறைவாகப் போடுங்கள்.

350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 2 பவுண்டு லோஃப் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி வரை பிடிக்கும், 50 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். எடுத்ததும் கொழுப்பை வடித்துவிட்டு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். பசியோடு பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், தெரியும். அதற்குள் அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும், துண்டும் நிற்காது.

விருந்துக்கு நிறைய பேர் வருகிறார்கள் என்றால் முதல் நாளே செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த லோஃப் கேக் மாதிரி அறுபடும். பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் முக்கால் அங்குலத் துண்டுகளாக அறுத்து, தட்டில் பரப்பி, கொஞ்சம் சாறு தெளித்து மூடி, 165 வரும்வரை சுடவையுங்கள். மிஞ்சியது ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும்.