மோனோஃபிலமென்ட்: ஒற்றையிழை நாண்

தூண்டில் பொருள்கள் விற்கும் கடைகளில் நூலுருளைகளை மோனோ, ஃபுளோரோ, பிரெய்டு என்று மூன்று பெயர்களில் பிரித்து வைத்திருப்பார்கள். மோனோ என்பது மோனோஃபிலமென்ட் என்பதன் குறுக்கம். கிரேக்க மொழியில் ‘மோனோஸ்’ என்றால் தனித்தது, ஒற்றையானது. இலத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல். ஒரே இழையால் ஆன நூல் என்பதற்கு மேல் இச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. அந்த இழை எதனால் செய்யப்பட்டது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஃபுளோரோகார்பன் நூலும் உருக்கிய பொருளை ஒரே இழையாக இழுத்துச் செய்வதுதான் என்பதால், முறைப்படி அதுவும் மோனோஃபிலமென்டே.

அப்படியிருக்க மோனோ என்றதும் நைலானை மட்டும் நினைப்பதற்கு வரலாறே காரணம். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935இல் நைலானை உருவாக்கியது; 1938இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பட்டு நூலும், பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்து எடுத்த இழையும் தூண்டிலில் இருந்த இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் ஃபுளோரோகார்பன் நூலைக் கொண்டுவந்தபோது, மோனோ என்ற பெயர் நைலானுக்கே உரியதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் முதலில் கிடைப்பது ‘நாண்’. பெரும்பாணாற்றுப்படையில் மீன் பிடிக்கும் பாண்மகனைச் சொல்லும் இடத்தில், ‘நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ’ என்று வருகிறது. நீண்ட மூங்கில் கோல், அதில் கட்டிய நாண், வளைந்த வாயுடைய இரும்பு முள், இரையைக் கவ்விச் செல்லும் வாளைமீன் என அனைத்தும் அங்கே உள்ளன. நூல் என்றால் தையல் நூலும் நினைவுக்கு வரும். கயிறு என்றால் பருமன் கூடிவிடும். இழுவிசையைத் தாங்கி விறைத்து நிற்பது என்ற குறிப்பு நாண் என்ற சொல்லிலேயே இருப்பதால் எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. எனவே மோனோஃபிலமென்டை ஒற்றையிழை நாண் என்றும், பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டைப் பின்னல் நாண் என்றும் சொல்லலாம். பின்னலைப் ‘புரி’ என்று பெயர்ப்பது தவறு. முப்புரி என்பது முறுக்கிச் சேர்த்தது. பின்னலில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறி இறங்குகின்றன.

பேச்சு வழக்கில் இன்னொரு சொல்லும் உயிரோடு இருக்கிறது. ஈழத்துக் கடற்றொழிலாளர் ஒற்றையிழை நைலானைத் ‘தங்கூசி’ என்பர். அங்கே தடைசெய்யப்பட்ட ஒற்றையிழை வலையைச் செய்தித்தாள்களும் தங்கூசி வலை என்றே எழுதுகின்றன. சிங்களத்தில் அது ‘தங்குஸ்’; மலாய் மொழியில் தூண்டில் நூலுக்குத் ‘தங்சி’ என்று பெயர். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, தங்கத்தையும் ஊசியையும் கூட்டிப் பிறந்த சொல்லாக இதைப் பிரிப்பது சரியாகாது என்பது என் கருத்து. கடல் கடந்து வந்திருந்தாலும் வலைஞர் நாவில் பழகிய சொல் என்பதால், நைலான் தங்கூசி, ஃபுளோரோகார்பன் தங்கூசி என்று பொருளையும் சேர்த்து வழங்கினால் குழப்பம் நீங்கும்.

பொருளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், பொய்யிரைக்கு, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைக்கு, நாண் தேர்வதில் பொருளே பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கிறது என்பதுதான். நன்னீரின் அடர்த்தி 1 என்று கொண்டால், பின்னல் நாணுக்கு இன்று பயன்படும் பாலிஎத்திலீன் இழையின் அடர்த்தி 0.97; நைலானுடையது ஏறத்தாழ 1.14, ஃபுளோரோகார்பனுடையது 1.78. முதலாவது மிதக்கும், கடைசியானது விரைந்து அமிழும். நைலான் மிதக்கும் என்று பலர் எழுதுவது சரியன்று. மெல்லியதாக இருப்பதால் நீர்ப்பரப்பின் இழுவிசை அதைச் சிறிது நேரம் தாங்குகிறது, பிறகு மெதுவாக இறங்குகிறது.

டாப்வாட்டர் லூர் எனப்படும் நீர்மேல் பொய்யிரைக்கு அந்தச் சிறிது நேரமே போதும். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீனுக்கு வீசப்படும் ஸாரா ஸ்பூக் போன்ற சுருட்டு வடிவப் பொய்யிரையை, நாணைத் தளர்வாக விட்டுக் கோலின் நுனியை அடுத்தடுத்துத் தட்டும்போது, அது மூக்கை இடமும் வலமும் மாறி மாறித் திருப்பி நடக்கும். ஃபுளோரோகார்பன் கட்டியிருந்தால் அமிழும் நாண் மூக்கைக் கீழே இழுத்து நடையைக் கெடுத்துவிடும். பின்னல் நாண் மிதப்பதோடு நீளாமலும் இருப்பதால் தொலைவில் கடித்த மீனிலும் முள் உடனே பதியும். ஆனால் அதற்கு விறைப்பே இல்லை. நடையை நிறுத்தும் கணத்தில் துவண்ட நாண் முன்பக்க மும்முள்ளில் சுற்றிக்கொள்ளும், அடுத்த தட்டலில் பொய்யிரை பக்கவாட்டில் இழுபடும். பின்னல் நாணின் முனையில் அரை மீட்டர் அளவுக்குத் தடித்த நைலான் தங்கூசியை முடிந்துகொண்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். பொறுமையற்றவர்களுக்கு முழுவதும் நைலானே நல்லது என்பேன். மேலே நீர் தெறித்தவுடன் வெட்டி இழுப்பவர் மீனின் வாயிலிருந்து பொய்யிரையைப் பிடுங்கிவிடுவார். நைலானின் நீட்சி அந்த அவசரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாசியும் தாமரை இலையும் மூடிய நீரில் தவளைப் பொய்யிரை வீசுவதற்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அங்கே 50 பவுண்டு எடைக்குக் குறையாமல் தாங்கும் பின்னல் நாணே வேண்டும்.

ஜெர்க்பெய்ட் வேறு வகை. ‘ஜெர்க்’ என்பதற்குத் தமிழில் சுண்டுதல் என்ற சரியான வினை உண்டு. எனவே சுண்டு பொய்யிரை எனலாம். முகத்தில் சிறு தகடு கொண்ட, மெலிந்த சிறுமீன் வடிவப் பொருள் இது. இரண்டு மூன்று முறை சுண்டிவிட்டு நிறுத்தினால், சில வகைகள் அமிழாமலும் எழாமலும் நடுநீரில் அப்படியே நிற்கும். குளிர்ந்த தெளிநீரில் மீன் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கவ்வும். ஃபுளோரோகார்பன் தங்கூசிக்கு உரிய இடம் இதுவே. அமிழும் தன்மையால் அது பொய்யிரையை ஆழத்திலேயே இருத்துகிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீரின் 1.33க்கு நைலானைவிட நெருக்கமானது என்பதால் கண்ணில் படுவதும் குறைவு. ஃபுளோரோகார்பன் நீளவே நீளாது என்ற கடைக்காரர் பேச்சு மிகையானது. அதுவும் நீளும், ஆயினும் நைலான் நீரை உறிஞ்சி மென்மையாவதுபோல் இது ஆவதில்லை.

சுண்டு பொய்யிரைக்குத் தாங்கும் எடையைவிடப் பருமனையே முதலில் பார்க்க வேண்டும். ஒரே பொய்யிரை 8 பவுண்டு தங்கூசியில் இறங்கும் ஆழத்துக்கு 12 பவுண்டு தங்கூசியில் இறங்காது. பருத்த நாண் நீரில் கூடுதலாக இழுபடும். 8 முதல் 12 பவுண்டுக்குள் இருந்துகொண்டு, நீர் ஆழமாகவும் தடைகள் குறைவாகவும் இருந்தால் மெல்லியதை எடுப்பது வழக்கம். பின்னல் நாண்களில் 30 பவுண்டு தாங்குவதுகூட 8 பவுண்டு நைலானின் பருமனில் கிடைப்பதால், உருளையின் மேல் பவுண்டுக்கு அருகில் அச்சிட்ட மில்லிமீட்டர் அளவையும் படிக்க வேண்டும். ஃபுளோரோகார்பனில் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைப்பது இன்றியமையாதது. உலர்ந்த முடிச்சில் உராய்வுச் சூடு இழையைக் காயப்படுத்தி, பிறகு மீனின் முதல் இழுப்பிலேயே அது அந்த இடத்தில் அறுந்துபோகும்.