பாட்டு கரகரக்குதுங்களா? மைக்கை மாற்றும் முன் எக்ஸ்போர்ட் செய்து கேளுங்க

"ஏனுங்ணா, பாடுனதெல்லாம் கரகரங்குதுங். மைக் போயிருச்சுங்களா?" கோவை, ஈரோடு, கோபி பக்கமிருந்து ஸ்டூடியோவுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கும்மி சொல்லிக்கொடுப்பவர், உடுக்கை அடித்து அண்ணமார் கதை பாடுபவர், யூடியூப் சேனல் நடத்தும் கல்லூரிப் பையன் என்று யாரும் வீட்டிலேயே லேப்டாப்பில் பதிவு செய்யும் காலம் இது. நல்லதுதான். ஆனால் கரகரப்பு கேட்டவுடன் புது மைக் வாங்கிவிடுகிறார்கள். அதிலும் கரகரப்பு போவதில்லை, ஏனென்றால் கோளாறு பல சமயம் பாட்டிலேயே இருப்பதில்லை.

நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: சத்தம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருகிறதா, இல்லை வேறு வேறு இடத்திலா? அதே இடம் என்றால் அது பதிவிலேயே ஏறிவிட்டது. மைக்குக்கு மிக அருகில் பாடி மீட்டர் சிவப்புக்குப் போயிருக்கலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் பாட்டு பத்திரம், லேப்டாப்தான் திணறுகிறது. சந்தேகம் தீர, பாட்டை வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து போனில் ஒயர் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். எக்ஸ்போர்ட் ஆகும்போது கம்ப்யூட்டருக்கு அவசரம் கிடையாது, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளும். அதில் சுத்தமாகக் கேட்டால் ஒரு ரூபாய் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

பாட்டு ஓடும்போது அப்படி நேரம் கிடைக்காது. நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் சின்னச் சின்னத் துணுக்குகள், தடையில்லாமல் போக வேண்டும். அவற்றைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்ப நடுவில் இருப்பதுதான் பஃபர். தோட்டத்துத் தொட்டி மாதிரி: மோட்டார் நின்று நின்று ஓடினாலும் தொட்டியில் தண்ணி இருக்கும் வரை வாய்க்காலில் பாய்ச்சல் நிற்காது. தொட்டி சின்னதாக இருந்தால் காலியாகிவிடும். அந்த இடைவெளிதான் காதில் 'டப்' என்று விழுகிறது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாப்ட்வேரில் பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று உள்ளே போனால் பஃபர் எவ்வளவு பெரியது என்ற எண் இருக்கும். பாடும்போது 128 வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் (அதே நொடிக்கு 44,100 கணக்குதான்) அது ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு, பாடுபவருக்கு உறுத்தாது. பாடி முடித்து மிக்ஸிங்குக்கு வந்ததும் 1024-க்கு மாற்றுங்கள். 23 மில்லிசெகண்டு தாமதம் வரும். கேட்டுக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அதனால் என்ன? இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால் டிரைவரை, அதாவது ஒலிக் கருவியையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் சாப்ட்வேரைப் பாருங்கள். விண்டோஸின் பழைய எம்எம்இ வழி இசை வேலைக்குச் சரிப்படாது. இதற்காகவே ஸ்டெயின்பெர்க் நிறுவனம் கொண்டுவந்தது ஆசியோ என்ற டிரைவர் முறை. மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் தனிப் பெட்டி, அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதைச் செய்த நிறுவனத்தின் டிரைவரையே போடுங்கள். வெறும் லேப்டாப் என்றால் இலவசமான ஆசியோ ஃபார் ஆல் அல்லது விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி போதும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு கூடவே வருகிறது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். படம் பார்க்க மட்டும்தான் அது நன்றாக இருக்கும்.

கரகரப்பே இல்லை, பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதியும் முக்கால் கட்டை ஏறிவிட்டது என்றால் 44,100-இல் பதிந்ததை 48,000-இல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ரெக்கார்டிங் சாப்ட்வேர், விண்டோஸ் சவுண்ட் செட்டிங் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்லுகிறேன்: பதிவுக்கு வேண்டவே வேண்டாம். தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும், தாளம் நிற்காது. அதைவிட மோசம், அதன் மைக்கை சாப்ட்வேர் எடுத்துக்கொண்டதும் ஹெட்செட் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ ஆகும். பாட்டு பழைய லேண்ட்லைனில் கேட்பது போல் இருக்கும். "நேத்து நல்லா கேட்டுச்சுங்ணா" என்று சொல்பவர்களில் பலருக்கும் இதுதான் நடந்திருக்கும். சாதாரண ஒயர் ஹெட்போன் இதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது கரண்ட். பேட்டரியில் ஓட்டினால் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைக்கும், கரகரப்பு வரும். சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் தொடங்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றால் கோளாறு எர்த்திங்கில், சாப்ட்வேரில் தேடிப் பயனில்லை. லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் இருந்தால் ஸ்பீக்கருக்கு, வழியில் சேரும் இரைச்சலை அடக்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரைச்சல் போகிறதென்று சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீங்க, ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போன நேரத்தில் மட்டும் இரைச்சல் என்றால், சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டர் காரணமாக இருக்கலாம்.

(சோமனூர், பல்லடம் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் வேறு கணக்கு. அது மைக் வழியாகவே ஏறுவது. தறி நிற்கும் நேரம் பார்த்துப் பாடுவதுதான் வழி.)

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிடுங்கள். எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவர் அடிக்கடி மாட்டும். வேலை நேரத்தில் வைஃபையை அணைத்துவிடலாம். ரிவெர்ப் (எதிரொலி) போன்ற கனமான பிளகின், அதாவது ஒலியை மாற்றும் துணை சாப்ட்வேர் உள்ள டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது அந்த மாற்றத்தோடு கோப்பாக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தால் சூட்டில் அதுவாகவே வேகம் குறையும். தறியோ பனியன் வேலையோ நடக்கும் வீடு என்றால் விசிறியில் பஞ்சு அடைத்திருக்கும், சர்வீஸில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். மைக் கடைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.