வெளிநாட்டு ஒயின்: வாங்கும் முன் லிட்டர் கணக்கு, வந்தபின் வெயில் கணக்கு

கரூரிலிருந்து பிராங்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்கும், திருப்பூரிலிருந்து ஐரோப்பிய பையர்களை (ஆடை கொள்முதல் செய்பவர்களை) பார்க்கவும் போகிறவர்கள் திரும்பும்போது ஒயின் வாங்கி வருகிறார்கள். பயண ஏற்பாடு செய்யும் எங்களிடம் "எத்தனை பாட்டில் கொண்டு வரலாமுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். சுங்கத்துறை பார்ப்பது பாட்டிலை அல்ல, லிட்டரை.

ஒயின், பீர், விஸ்கி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர். வழக்கமான ஒயின் பாட்டில் 750 மி.லி. இரண்டு வாங்கினால் 1.5 லிட்டர், மூன்றாவது வாங்கினால் 2.25 ஆகிவிடும். இந்தியாவில் இறங்கியதும் விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில் எடுக்கும் பாட்டிலும் இதே கணக்கில்தான் வரும். பலர் தவறுவது இங்கேதான். கணவன் மனைவியாக இருந்தாலும் இருவர் சலுகையை ஒருவர் பெயரில் சேர்க்க முடியாது. அளவு மீறினால் சுங்கத்தின் சிவப்பு வழியில் (வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் வழி) போய்ச் சொல்லி வரி கட்டிவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் போகாது; வெளிநாட்டுக் கடைகளில் வாங்கிய ஒயின் செக்-இன் பெட்டியில்தான் வரவேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் ஜிப் கவரில் போட்டு, பபிள் ராப் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். பெட்டியின் ஓரத்தையோ இன்னொரு பாட்டிலையோ தொடக்கூடாது. ஒரு பாட்டில் 1.2 கிலோவுக்கு மேல் இருக்கும், எடைக் கணக்கில் அதையும் சேருங்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதன் முத்திரைப் பையை வழியில் பிரிக்காதீர்கள்; இடையில் மறு சோதனை இருந்தால் பறிபோகும். மும்பையிலோ டெல்லியிலோ சுங்கம் முடித்துக் கோவை விமானத்துக்குப் பெட்டியை மறுபடி ஒப்படைக்கும்போது அந்தப் பாட்டிலையும் பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது.

இவ்வளவு கவனமாகக் கொண்டுவந்த ஒயின் கெடுவது பெரும்பாலும் ஊர் வந்த பிறகுதான். சித்திரை வெயிலில் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் காரில் ஏறி, வழியில் சாப்பிட நிறுத்திவிட்டுக் கரூர் போவதற்குள் கார் டிக்கி கொதிக்கும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும், காற்று உள்ளே போகும். பழவாசம் போய், வேகவைத்த பழம்போல் மணக்கும். அதனால் டிக்கியில் வைக்காமல், ஏசி ஓடும் காருக்குள் சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

வீட்டில் சமையலறை அலமாரி வேண்டாம். 12 முதல் 15 டிகிரி சிறந்தது. அந்த வசதி இல்லாவிட்டால் சில வாரங்களுக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். கார்க் பாட்டிலைப் படுக்கவையுங்கள், திருகுமூடி என்றால் நின்றாலும் சரி. கார்க் துருத்திக்கொண்டோ கழுத்து பிசுபிசுப்பாகவோ இருந்தால் தீபாவளி வரை வைத்திருக்காமல் அந்த வாரமே திறந்துவிடுங்கள்.