பஞ்சம் என்று அறிவித்தால் லாரி கிளம்பிவிடுமா? சோமாலியாவில் அவசர உணவு உதவி நடக்கும் முறை

"ஐ.நா. பஞ்சம் அறிவித்தது" என்று செய்தி வந்தால் நம்மில் பலருக்கும் ஒரு காட்சி மனதில் ஓடும். யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், கிடங்குகள் திறக்கின்றன, லாரிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. உண்மையில் அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த அறிவிப்பு யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. பணம் தந்தே ஆக வேண்டும் என்று எந்த நாட்டையும் அது சொல்வதில்லை. வழியை விடு என்று எந்த ஆயுதக் குழுவையும் அதனால் மிரட்ட முடியாது.

2011 ஜூலை 20 அன்று தெற்குச் சோமாலியாவின் பகூல், கீழ் ஷபெல்லே பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. அறிவித்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2013-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். மழை பொய்க்கும், நிலைமை மோசமாகும் என்ற எச்சரிக்கை 2010 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பெரும் பணம் வந்தது அறிவிப்புக்குப் பிறகுதான்.

அப்படியென்றால் உணவு உதவி எப்படித்தான் தீர்மானமாகிறது? சோமாலியாவை வைத்தே பார்ப்போம். வறட்சியும் போரும் ஒன்றாகவே குடியிருக்கும் நாடு அது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பசி அளவுகோலும் 2004-இல் அங்கேதான் உருவானது.

பசியின் ஐந்து படிகள்

அந்த அளவுகோலின் பெயர் ஐ.பி.சி.; உணவுப் பாதுகாப்பு நிலையைப் படிப்படியாக வகைப்படுத்தும் முறையின் ஆங்கிலச் சுருக்கம் அது. மொத்தம் ஐந்து படிகள். முதல் படியில் பெரிய குறையில்லை. இரண்டாவதில் இழுபறிதான், ஆனாலும் சமாளித்துவிடலாம். மூன்றாவது நெருக்கடி: ஆட்டை விற்று, கடன் வாங்கி, ஒரு வேளையைக் குறைத்துச் சாப்பிடும் நிலை. நான்காவது அவசரநிலை. ஐந்தாவது பேரழிவு. ஒரு மாவட்டத்தில் குறைந்தது 20 சதவீத மக்கள் மூன்றாம் படியிலோ அதைவிட மோசமாகவோ இருந்தால் வரைபடத்தில் அந்த மாவட்டத்துக்கு மூன்றாம் படியின் நிறம் விழும். எனவே வரைபடத்தின் நிறம் வேறு, அங்குள்ள ஒரு குடும்பத்தின் நிலை வேறு. இரண்டாம் படியின் மஞ்சள் நிறம் விழுந்த மாவட்டத்திலும் பட்டினி கிடக்கும் வீடுகள் உண்டு.

"பஞ்சம்" என்ற சொல்லைப் பயன்படுத்த மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே இல்லாத நிலை இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதம் பேராவது மெலிந்துபோயிருக்க வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இரண்டு பேராவது பட்டினியாலும் அதோடு வரும் நோயாலும் இறக்க வேண்டும். கடைசி வாசலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 50,000 பேர் இருக்கும் ஊரில் தினம் பத்துச் சாவு. சாவை எண்ணித்தான் பஞ்சத்தை உறுதிசெய்ய முடியும் என்றால் அந்த உறுதி தாமதமாகத்தான் வரும். போர் நடக்கும் இடத்தில் கணக்கெடுப்பவர்களே உள்ளே போக முடியாது என்பது இன்னொரு சிக்கல்.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876–78-இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு ஆங்கிலேய அரசு பஞ்ச ஆணையம் அமைத்து, அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகளைக் கொண்டுவந்தது. அந்த அரசின் கஞ்சத்தனத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் அந்த விதிப்படி பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் நிவாரண வேலைகளைத் திறக்க வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தின் தலையில் விழும். ஐ.பி.சி.-க்கு அப்படி ஒரு வால் கிடையாது. அது காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டர், அவ்வளவுதான். மருந்து வாங்குவது வேறு ஆள்.

2022-இல் இன்னொரு பாடம் கிடைத்தது. தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்துப் போனது. பைடோவா, புர்ஹகபா மாவட்டங்களில் பஞ்சம் வரப்போகிறது என்று செப்டம்பரில் முன்கணிப்பு வெளியானது. இந்த முறை உதவி வேகமாகப் பெருகியது, பஞ்சம் என்ற அறிவிப்பும் வராமலே போனது. ஆனாலும் அந்த ஓராண்டில் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அறிவிப்பு இல்லை என்பதால் சாவும் இல்லை என்று ஆகிவிடாது.

யார் யாரோடு பேசுகிறார்கள்

ஒருங்கிணைப்பின் வேர் 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 என்ற தீர்மானம். மக்களைக் காக்கும் முதல் பொறுப்பு அந்தந்த நாட்டு அரசுக்கே, அந்த நாட்டின் சம்மதத்தோடு உதவி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவசர நிவாரணத்துக்கென்று ஐ.நா.வில் ஓர் ஒருங்கிணைப்பாளர் பதவியும் அதன் மூலம்தான் வந்தது. அவருடைய அலுவலகத்தைச் சுருக்கமாக ஓச்சா என்பார்கள்.

2005-இல் வந்த சீர்திருத்தம் வேலையைத் துறைவாரியாகப் பிரித்தது. ஒவ்வொரு துறைக்கும் கிளஸ்டர் என்று பெயர். உணவுப் பாதுகாப்பு கிளஸ்டரை ஐ.நா. அமைப்புகளான உலக உணவுத் திட்டமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. குழந்தைகளின் ஊட்டச்சத்தும் குடிநீரும் யூனிசெஃப் பொறுப்பு, மருத்துவம் உலக சுகாதார அமைப்பின் பொறுப்பு. போக்குவரத்துக்குத் தனி கிளஸ்டர், அதுவும் உலக உணவுத் திட்டத்திடமே.

கிளஸ்டர் கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. எந்த அமைப்பு, எந்த ஊரில், எத்தனை பேருக்கு, எதைக் கொடுக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். விமானம் இறங்கும் நகரத்தில் நான்கு அமைப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், தள்ளி இருக்கும் கிராமத்துக்கு ஒருவரும் போகமாட்டார்கள். சரி, பட்டியலில் ஓட்டை தெரிந்துவிட்டது, கிளஸ்டர் யாரையாவது அங்கே அனுப்ப முடியுமா? முடியாது. வேண்டுகோள்தான் வைக்கலாம். கிளஸ்டர் கையில் இருப்பது ஓர் எக்செல் தாளும் கூட்டம் கூட்டும் உரிமையும் மட்டுமே.

அரசும் சும்மா இல்லை. சோமாலியாவுக்குத் தனிப் பேரிடர் மேலாண்மை முகமை உண்டு. 2020-இல் தொடங்கிய பஹ்னானோ என்ற அரசுத் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 20 டாலர் என்ற கணக்கில் பணம் போனது. நிதி உலக வங்கியுடையது. அவசர உதவி வந்து நின்றுபோவது, இது தொடர்ந்து கிடைப்பது என்பதுதான் வேறுபாடு. என்னைக் கேட்டால் வறட்சி அடிக்கடி திரும்பும் நாட்டுக்கு இரண்டாவது வகைதான் மேல்.

பணம் எங்கிருந்து

ஒவ்வோர் ஆண்டும் ஓச்சா எல்லா அமைப்புகளின் தேவையையும் கூட்டி ஒரு மொத்தத் தொகையைக் கேட்கும். கேட்டது முழுதாக வருவது அரிது. உலக உணவுத் திட்டத்துக்கு உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா என்று எதுவும் இல்லை, எல்லாம் விரும்பிக் கொடுப்பதுதான். பெரிய தொகை வருவதற்குள் முதல் லாரியை நகர்த்த 2006 முதல் ஐ.நா.வின் மைய அவசர நிதி இருக்கிறது. நாட்டளவில் சோமாலிய மனிதாபிமான நிதியும் உண்டு, உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகப் போவதற்கு அது நல்ல வழி.

பணம் இன்று வந்தால் சோளம் நாளை வராது. தானியத்தை வாங்கி, கப்பலேற்றி, மொகடிஷுவிலோ பெர்பெராவிலோ இறக்கி, உள்ளே கொண்டுபோக நான்கு மாதம்கூட ஆகலாம். அதனால் உலக உணவுத் திட்டம் முன்கூட்டியே வாங்கிப் பக்கத்துக் கிடங்குகளில் அடுக்கிவைக்கப் பார்க்கிறது.

பணம் குறைந்தால் முன்னால் இருப்பது இரண்டே வழி: ஆளைக் குறைப்பது, அல்லது தட்டைக் குறைப்பது. 2025-இல் அமெரிக்க நிதி சரிந்தபோது, சோமாலியாவில் ஆகஸ்டில் 11 லட்சம் பேருக்குக் கிடைத்துவந்த அவசர உணவு நவம்பருக்குள் மூன்றரை லட்சம் பேருக்குச் சுருங்கும் என்று உலக உணவுத் திட்டமே சொன்னது.

துப்பாக்கிகளுக்கு நடுவே

தெற்கில் பல கிராமங்கள், அரசை எதிர்த்துப் போரிடும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் உள்ளன. 2010-இல் உலக உணவுத் திட்டத்தை அவர்கள் தடைசெய்தார்கள், 2011 நவம்பரில் மேலும் 16 அமைப்புகளை வெளியேற்றினார்கள். மறுபக்கம் அமெரிக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். சோதனைச் சாவடியில் லாரி கொடுக்கும் "வரி"கூடப் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்த குற்றமாகிவிடுமோ என்ற அச்சத்தில் அமைப்புகள் பின்வாங்கின. 2011-இல் உதவி தாமதமானதற்கு இரண்டு பக்கமும் காரணம். பின்னாளில், 2022 டிசம்பரில், பாதுகாப்புச் சபையின் 2664-ஆம் தீர்மானம் ஐ.நா. விதிக்கும் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து நிவாரண வேலைக்குப் பொதுவான விலக்கு அளித்தது.

ஹுதுர் போன்ற நகரங்களில் அரசுப் படை உள்ளே இருக்கும், சுற்றியுள்ள சாலைகள் அல்-ஷபாப் கையில் இருக்கும். அங்கே உணவு வானத்து வழியாகத்தான் போக வேண்டும். செலவு பல மடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது? பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 நெறிமுறைகளிலேயே இருக்கிறது. 2018-இல் பாதுகாப்புச் சபை 2417-ஆம் தீர்மானத்தில் அதைத் திரும்பவும் கண்டித்தது. உள்நாட்டுப் போரிலும் அது போர்க்குற்றம் என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2019-இல்.

ஒரு குடும்பத்துக்கு என்ன கிடைக்கும், எப்படி

முதலில் இடம் தேர்வாகும், பிறகு அந்த இடத்துக்குள் குடும்பம். ஊர்ப் பெரியவர்கள், பெண்கள், இடம்பெயர்ந்தோர் அடங்கிய குழு யார் மிக நலிந்தவர் என்று பெயர் சொல்லும், அமைப்பு சரிபார்க்கும். பதிவில் கைரேகை எடுத்து அட்டை தருவார்கள். பதிவுக்கோ அட்டைக்கோ யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முகாம் நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றும் முகாம் தலைவர் என்றும் சொல்லிக்கொண்டு, வந்த உதவியில் பங்கு கேட்பவர்கள் சோமாலிய முகாம்களில் நெடுங்காலமாக உண்டு. 2023-இல் ஐ.நா. விசாரணை இது பரவலாக நடப்பதை உறுதிசெய்தது, ஐரோப்பிய ஒன்றியம் உலக உணவுத் திட்டத்துக்கான சோமாலிய நிதியைச் சில காலம் நிறுத்தியது. சிறுபான்மைக் குலத்தவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு, ஏனென்றால் பெயர் சொல்லும் குழுவிலேயே அவர்களுக்கு ஆள் இருக்காது. புகார் சொல்லத் தொலைபேசி எண்கள் உண்டு. ஆனால் யாரைப் பற்றிப் புகாரோ அவர் நிலத்தில்தான் கூடாரம் நிற்கிறது.

அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று கணக்கு. வழக்கமான பங்கீட்டில் இது தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, கொஞ்சம் சர்க்கரை, உப்பு. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 72 கிலோ தானியம். இது முழுப் பங்கு. நிதி இல்லாதபோது பாதிப் பங்குதான்.

கடையில் பொருள் இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை என்ற இடங்களில் மூட்டைக்குப் பதில் பணம் போகிறது. இதில் சோமாலியா பல நாடுகளுக்கு முன்னோடி. வங்கிக் கணக்கு இல்லாதவரிடமும் கைபேசிப் பணக் கணக்கு இருக்கும், அதுவும் டாலரில். காய்கறிக்காரி கூட அதில்தான் வாங்கிக்கொள்வார். பணம் என்றால் லாரியை மறிக்க முடியாது, மூட்டையைத் திருட முடியாது. ஆனால் கடையே இல்லாத, அல்லது விலை தினம் ஏறும் இடத்தில் பணம் பயன்படாது. அங்கே சோளமேதான் வேண்டும். சமைக்கப் பாத்திரமும் விறகும் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களுக்குச் சமைத்தே கொடுக்க வேண்டும், நம் பழைய கஞ்சித்தொட்டி மாதிரி.

குழந்தைகளின் கணக்கு தனி. மேற்கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் மெலிவு. அந்தக் குழந்தைக்குச் சோளக்கஞ்சி போதாது. வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய் சேர்த்து அரைத்த பசை தரப்படும். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி. தண்ணீரோ அடுப்போ தேவையில்லை, பிய்த்து அப்படியே நக்கலாம்.

அப்புறம் விதை. தெற்குச் சோமாலியாவின் பெரிய மழைக்காலமான கூ ஏப்ரலில் தொடங்கும். பசியோடு இருக்கும் விவசாயிக்கு விதைச்சோளத்தை மட்டும் கொடுத்தால் அதைச் சமைத்துவிடுவார், வேறென்ன செய்வார்? அதனால் விதையோடு சேர்த்து உணவோ பணமோ கொடுப்பது வழக்கம். இரண்டும் மார்ச்சுக்குள் கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மே மாதம் வந்தால் விதைக்கும் பருவம் கடந்திருக்கும், அடுத்த மழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.