சிவில் லிஸ்ட்: அரசருக்குப் படியளப்பது யார்?

பிரிட்டன், பெல்ஜியம், டென்மார்க் அரச குடும்பங்களின் செலவைப் பற்றிய செய்திகளில் 'சிவில் லிஸ்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். அரசரின் செலவுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் ஆண்டுத் தொகை அது. தமிழில் அதைக் 'குடிமைப் பட்டியல்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடுகிறோம். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நம் அரசு அலுவலகங்களில் சிவில் லிஸ்ட் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் பெயர், பதவி அடங்கிய பட்டியல் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. வேறு சிலர் 'மன்னர் சம்பளம்' என்கிறார்கள். அது தவறான பொருளையே தந்துவிடும். அரச குடும்பம் மக்களுக்குச் சுமையா, பயனா என்று வாதாடுகிறவர்கள் முதலில் எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சரியான சொல் வேண்டும்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'லிஸ்ட்' என்பது துணியின் ஓரக்கரை, நீளமான கீற்று என்ற பொருளில் தொடங்கி, பெயர்களை வரிசையாக எழுதிய தாள் கீற்றுக்கு வந்த சொல். 'சிவில்' குடிமகனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கே அதன் பொருள், படைச் செலவு அல்லாதது என்பதுதான். 1698இல் ஆங்கில நாடாளுமன்றம் மூன்றாம் வில்லியம் அரசருக்கு ஆண்டுக்கு 7 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அது அரண்மனைச் செலவுக்கு மட்டுமல்ல. நீதிபதிகள், தூதர்கள், அதிகாரிகள் எல்லாருடைய ஊதியமும் அந்தத் தொகையிலிருந்தே போனது. போர்ச் செலவை நாடாளுமன்றம் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அரசரிடம் விட்டது. அப்படி விட்ட செலவுகளின் வரிசைதான் சிவில் லிஸ்ட்.

1760இல் மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபோது ஒரு ஏற்பாடு நடந்தது. பரம்பரையாக முடிக்கு வந்துகொண்டிருந்த நில வருமானத்தை அவர் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு பெற்றுக்கொண்டார். இன்றைய சண்டைக்கெல்லாம் வேர் இதுதான். 'அரசர் தன் நில வருமானத்தைக் கொடுத்துவிட்டுச் சிறு பங்கைத்தானே வாங்குகிறார், நாட்டுக்கு லாபம்தானே' என்பது ஆதரவாளர் வாதம். 'அந்த நிலம் குடும்பச் சொத்தல்ல, அரச பதவியின் சொத்து. அந்த வருமானத்தில் நாட்டின் ஆட்சிச் செலவையும் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைத்தான் நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது' என்பது எதிர் வாதம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. லண்டனின் ரீஜண்ட் தெருக் கட்டடங்களும், இங்கிலாந்தைச் சுற்றியுள்ள கடலடி நிலமும் இன்று 'கிரவுன் எஸ்டேட்' என்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அரசர் நினைத்தாலும் அதில் ஒரு சதுர அடியை விற்க முடியாது.

1830க்குப் பிறகு நீதிபதிகள், தூதர்கள் செலவெல்லாம் பிரிந்துபோய், சிவில் லிஸ்ட் என்பது அரண்மனைச் செலவு மட்டும் என்று ஆனது. பெயரும் பொருளும் அன்றே பிரிந்துவிட்டன. இரண்டாம் எலிசபெத் காலத்தில் 1991 முதல் ஆண்டுக்கு 79 லட்சம் பவுண்டு என்று அது நின்றது. அப்புறம் 2011இல் புதுச் சட்டம் வந்து, 2012 ஏப்ரல் முதல் சிவில் லிஸ்டுக்குப் பதிலாக 'சாவரின் கிராண்ட்' நடைமுறைக்கு வந்தது. கிரவுன் எஸ்டேட் லாபத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கு. முதலில் 15, பிறகு 25, 2024-25 முதல் 12. கடலில் காற்றாலை நிறுவ விட்ட குத்தகையால் லாபம் 110 கோடி பவுண்டாக ஏறிவிட்டதால், விழுக்காட்டைக் குறைத்தும் தொகை கூடியது. 2024-25இல் 8.63 கோடி பவுண்டு, 2025-26இல் 13.21 கோடி. இதில் ஒரு பகுதி பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பிகள், குழாய்கள், கொதிகலன்களை மாற்ற. 775 அறைகள் கொண்ட அந்தக் கட்டடத்தைச் சீரமைக்கும் மொத்தச் செலவு 36.9 கோடி பவுண்டு. ஆகவே 'சார்லஸின் சம்பளம் உயர்ந்தது' என்று தலைப்புப் போடுவது உண்மைக்குப் பொருந்தாது. அதற்காக, அரண்மனை சொல்லும் தொகை மட்டும்தான் செலவு என்றும் நம்பிவிடக் கூடாது. பாதுகாப்புச் செலவு இந்தக் கணக்கிலேயே வராது. அரசாங்கம் அதை வெளியிடுவதும் இல்லை. முடியாட்சியை எதிர்க்கும் 'ரிபப்ளிக்' அமைப்பு அதையும் மற்றவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 51 கோடி பவுண்டு என்று 2024இல் மதிப்பிட்டது.

சரி, 'சாவரின் கிராண்ட்'டை 'மன்னர் மானியம்' என்று எழுதலாமா? எழுதக் கூடாது என்பேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த அரசர்களுக்குத் தரப்பட்டு, 1971இல் 26ஆவது திருத்தத்தால் ஒழிக்கப்பட்ட 'பிரிவி பர்ஸ்'தான் நமக்கு மன்னர் மானியம். ஆட்சியை இழந்தவருக்கு ஈடாகக் கொடுத்தது அது. பதவியில் இருக்கும் அரசரின் அலுவலை நடத்தக் கொடுப்பது இது. தவிர, மானியம் என்ற சொல்லே 'மதிப்புக்குரியது' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மதிப்புக்காக வரியில்லாமல் விட்ட நிலத்தை மானியம் என்றார்கள். இன்றோ உர மானியம், எரிவாயு மானியம் என்று சலுகைப் பொருளும் ஏறிவிட்டது. இரண்டுமே இங்கே பொருந்தவில்லை.

ஸ்வீடனிலும் நார்வேயிலும் வழங்கும் 'அப்பனாஜ்' என்ற சொல் எனக்கு வழிகாட்டியது. லத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒருவருக்கு ரொட்டி கிடைக்க வழிசெய்வதுதான் அப்பனாஜ். பழைய ஐரோப்பாவில் பட்டத்துக்கு வராத இளைய மகன்களுக்கு நிலம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள், அந்த நிலமே அப்பனாஜ். நார்வேயின் அரசமைப்புச் சட்டமோ, அரச குடும்பத்தாருக்கான அப்பனாஜ் நிலமாக இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அரசருக்கு எவ்வளவு என்பதையும் நாடாளுமன்றமே ஆண்டுதோறும் முடிவுசெய்யும்.

ரொட்டி கிடைக்க வழிசெய்வதற்குத் தமிழில் இதைவிட அழகான சொல் இருக்கிறது: படியளப்பது. களத்தில் கூலியைப் படியால்தான் அளந்தார்கள். படியை நிறைத்து, மேலே குவிந்ததைக் கையால் வழித்து விட்டால் தலைதட்டிய படி. வழிக்காமல் விட்டால் கும்பலாக நிற்கும். எப்படி அளப்பது என்பது அளக்கிறவர் கையில் இருந்தது. அந்தப் படிதான் பஞ்சப்படியாகவும் பயணப்படியாகவும் இன்றும் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. சம்பளத்துக்கு அப்பால், குறிப்பிட்ட செலவுக்காக, ஓர் அளவு வைத்துத் தருவது படி. அதனால் 'அரண்மனைப் படி' என்பதே என் பரிந்துரை. அரசர்தான் குடிகளுக்குப் படியளக்கிறார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். இப்போது அளக்கும் கை மாறியிருப்பதையும் அந்தச் சொல் காட்டிவிடும்.

பெல்ஜியத்தில் ஓர் அரசரின் ஆட்சிக் காலம் முழுவதற்கும் சேர்த்து அரண்மனைப் படியைச் சட்டத்தால் வரையறுப்பார்கள். 2013இல் ஃபிலிப் பட்டமேற்றபோது அது ஆண்டுக்கு 1.15 கோடி யூரோ, விலைவாசியோடு ஏறும். பிரிட்டனில் லாபம் குறைந்தாலும் அரண்மனைப் படி முந்தைய ஆண்டின் அளவுக்குக் கீழே இறங்காது. தலைதட்டாத படி அது.

ஸ்பெயினில் 84.3 லட்சம் யூரோ. பிரிட்டனை நோக்கச் சிறிய தொகையாகத் தெரியும். ஆனால் அரண்மனைப் பராமரிப்பும் காவலும் வேறு துறைகளின் கணக்கில் போகின்றன என்பதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்தத் தொகையைத் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 65ஆவது பிரிவு அரசருக்குத் தருகிறது. 2020 மார்ச்சில், தந்தை ஹுவான் கார்லோஸின் வெளிநாட்டுப் பணம் பற்றிய செய்திகள் வெளியானபோது, அரசர் ஆறாம் ஃபெலிப்பே அந்த உரிமையைப் பயன்படுத்தினார். இந்தச் செய்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'தந்தையின் குடிமைப் பட்டியலை நிறுத்தினார்', 'தந்தையின் மானியத்தை நிறுத்தினார்', 'தந்தைக்குத் தந்துவந்த படியை நிறுத்தினார்'. மூன்றாவதற்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.