ரகசியத்தைக் கடைசிக் காட்சிவரை பூட்டி வைக்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு நாடகப் பிரதி. சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை, அக்கா தங்கை, சித்தப்பாவின் சாவு. கடைசிக் காட்சியில் அக்கா வாய்திறக்கிறாள். "ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லலை?" என்கிறாள் தங்கை. அழுகை, அணைப்பு, விளக்கு அணைகிறது. உளவியல் ஆலோசகரின் கருத்து வேண்டும் என்று என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

உண்மையாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே என்ற நினைப்பு வீட்டிலும் இருக்கிறது, விசாரணை அறையிலும் இருக்கிறது. நாடகமும் அதற்குத் தலையாட்ட வேண்டுமா? கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-லேயே எழுதிவிட்டார்: ரகசியம், கையறுநிலை, வேறு வழியின்றி அனுசரித்துப் போவது, தாமதமாகவும் முன்னுக்குப் பின் முரணாகவும் சொல்வது, கடைசியில் சொன்னதையே மறுப்பது. (ஐந்தும் எல்லாரிடமும் இருக்கும் என்றில்லை. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் சோதனையும் இல்லை இது. வழக்குகளில் அப்படிப் பயன்படுத்தியதை அவரே பிற்பாடு கண்டித்தார்.) அந்த ஐந்தாவதை எந்தப் பிரதியிலாவது பார்க்க ஆசை. சொன்ன பிறகு வீடு இரண்டுபடுவதைப் பார்த்துப் பயந்து, "நான் பொய் சொன்னேன்" என்கிற பிள்ளை.

அதோடு, பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதில்லை. "சித்தப்பா வந்தா நான் பாட்டிகூடப் படுத்துக்கறேன்" என்பதும் சொல்வதுதான். "அடம் பிடிக்காதே" என்று பதில் வந்திருக்கும். அப்புறம் எப்படி வாய்திறக்கும்?

அக்கா தங்கைக்கு நடுவில் கிடக்கும் அவமானத்தைத்தான் எழுத வேண்டும். என்னோடு போகட்டும், தங்கச்சியைத் தொடமாட்டான் என்று அக்கா வாயை மூடிக்கொண்டிருப்பாள். தங்கையையும் அவன் விட்டிருக்கமாட்டான். அக்காவுக்குத் தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். இவர்கள் அதைப் பற்றியா சண்டை போடுவார்கள்? அம்மாவின் மருந்துச் செலவை யார் கொடுப்பது என்று போடுவார்கள். படுக்கப்போகும் தங்கை தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அக்கா கேலி செய்யத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவாள். அதை மேடையில் வையுங்கள், இரண்டு பக்க வசனம் மிச்சம்.

இயக்குநர்களே, "உன் வாழ்க்கையில நடந்ததை நினைச்சுக்கோ" என்று நடிகரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். அது பயிற்சி இல்லை, அத்துமீறல். யார் யாரை எங்கே தொடுவது என்பதை முன்கூட்டியே பேசி, சம்மதம் வாங்கி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறிய பிறகு மாற்றக் கூடாது. கதை எதைப் பற்றியது என்று அறிவிப்பிலேயே போடுங்கள், நடுவில் எழுந்து போகிறவரை முறைக்காதீர்கள். நாடகம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து "உங்களில் யாருக்காவது..." என்று கேட்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரங்கிலிருந்து வந்த சூட்டோடு குடும்பத்தையே உட்காரவைத்து உங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள், மேடையில் கிடைத்த அணைப்பு வீட்டில் கிடைக்காமல், முன்னைவிட நொறுங்கிப்போய் வருகிறார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள், பிடித்த அளவுக்கு மட்டும். ஆனால் கொடுமை செய்த அந்த ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் இன்றைக்கு ஒரு குழந்தை இருந்தால் இந்த நிதானமெல்லாம் பொருந்தாது. அன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ காவல்துறையிடமோ போங்கள்.